வயிறில்லாத மீன்கள்

பூமாலை லாரி ஓட்டுவதை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் ஊரில் அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலைக்கு ரோடு ஏறத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு மண்பாதை பிரிகிறது. அதில் போய் யாரிடமாவது "டிரைவர் குட்டை எங்கே" என்று கேட்டால் மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே கைகாட்டுவார்கள். அங்கே ரோகும் கட்லாவும் வளர்கிற ஒரு மீன் குட்டை இருக்கிறது. அதன் கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை. பகலில் பாதி நேரம் பூமாலை அங்கேதான் இருப்பார்.

கடலூர் துறைமுகத்தில் ஐஸ் பெட்டிகளில் மீன் ஏற்றிக்கொண்டு உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, சேலம் என்று இறக்கிக்கொண்டே போவதுதான் அவருடைய பழைய வேலை. ஐஸ் கரைவதற்குள் போய்ச் சேர வேண்டிய சரக்கு. அதனால் நேரத்துக்குச் சாப்பிட்டதே கிடையாது. உளுந்தூர்பேட்டைக் கடைகளில் பரோட்டாவைச் சால்னாவில் முக்கி, மென்றும் மெல்லாமலும் விழுங்கிவிட்டு மறுபடி ஸ்டியரிங்கைப் பிடிப்பார். அப்படியே ஓட்டி ஓட்டி வயிறு கெட்டுப்போனது. ஒருநாள் திருநாவலூர் பக்கத்தில் வலி தாங்காமல் லாரியை ஓரங்கட்டிவிட்டு ரோட்டோரப் புளிய மரத்தடியில் சுருண்டு படுத்துவிட்டார். பின்னால் வந்த பஸ்காரர்கள்தான் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குடல் புண் என்றார்கள்.

"வண்டிய வுடுறியா, இல்ல உசுர வுடுறியா?" என்று டாக்டர் கேட்டார். பூமாலை வண்டியை விட்டார்.

அதற்குப் பிறகு அவர் வயிற்றை அவருடைய மனைவி ராணியம்மாள் கையில் எடுத்துக்கொண்டாள். முதலில் வெறும் கஞ்சித் தண்ணீர், பிறகு மோர், பிறகு குழையக் கரைத்த கேழ்வரகுக் கூழ் என்று, குழந்தைக்குப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். காரம் கேட்டால் கரண்டியைத் தூக்குவாள். உடம்பு தேறியதும், மானாவாரியாகக் கிடந்த கொல்லையில் ஒரு பகுதியை வெட்டிக் குட்டையாக்கினார். இத்தனை வருடம் செத்த மீனோடு திரிந்தாயிற்று, இனிமேல் உயிருள்ள மீனோடு இருக்கலாம் என்று நினைத்தார்.

ஆரம்பத்தில் மூட்டையில் வருகிற தீவனத்தைத்தான் போட்டார். நன்றாகத்தான் வளர்ந்தன. ஆனால் மூட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் அந்த வாசனை அவரை இழுத்துக்கொண்டு போய் துறைமுகத்தில் நிறுத்தியது. மீன்தூள் வாசனை. விரல் நீளம்கூட வளராத குஞ்சுகளை வலையோடு வாரி வந்து, கூடை கூடையாகக் கொட்டிக் காயவைத்து, அரைக்கக் கொண்டுபோவதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். அந்தச் சரக்கைத் தாமே ஏற்றியும் இருக்கிறார்.

"கடல்ல இருக்கற குஞ்ச அரைச்சு குட்டையில இருக்கற குஞ்சுக்குப் போடறோம். இதுல இன்னா நியாயம் இருக்குது சொல்லு" என்று ராணியம்மாளிடம் கேட்டார்.

"நியாயம் பேசினா மீனு வளருங்களா? வேற இன்னா போடுவீங்க?"

அதைத்தான் அவரும் யோசித்துக்கொண்டிருந்தார். சுற்றுவட்டாரத்தில் என்ன கிடைக்கிறதோ அதில் பண்ணலாம் என்று தொடங்கினார். சொந்தக் கொல்லை மக்காச்சோளம் இருந்தது. செக்கில் கடலைப் புண்ணாக்கும் தீவனக் கடையில் சோயாப் புண்ணாக்கும் கிடைத்தன. சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சுகிற திப்பி இருந்தது. மாட்டுக்கு வைக்கிற சக்கைதான். எல்லாவற்றையும் அரைத்து, கொஞ்சமாக மீன்தூளும் சேர்த்து, மாவாகப் பிசைந்து ராணியம்மாளின் முறுக்கு அச்சில் பிழிந்து காயவைத்தார். அந்தத் தீபாவளிக்கு அந்த வீட்டில் முறுக்கு இல்லை. ராணியம்மாள் அந்த அச்சைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் மறுத்துவிட்டாள்.

மீன்கள் தின்றன. வளரவும் செய்தன. பூமாலைக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துக் கொல்லைச் சின்னப்பொண்ணு வந்து, "அண்ணே, எனக்கும் செஞ்சு குடேன்" என்று கேட்டபோது சந்தோஷமாகச் செய்து கொடுத்தார்.

சின்னப்பொண்ணு கரும்பு வெட்டப் போகிறவள். ஆலை அரவை தொடங்கினால் புருஷனோடு மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கூடாரம் போட்டு வெட்டுவாள். கரும்புச் சோகை கிழித்துக் கிழித்து அவள் முழங்கை வரை தழும்பு. புருஷன் ஒரு விபத்தில் காலை ஒடித்துக்கொண்ட பிறகு, அவனை விட்டுவிட்டுப் போகவும் முடியாமல், போகாமல் இருக்கவும் முடியாமல் தவித்தவள், பூமாலையைப் பார்த்துத்தான் தன் துண்டு நிலத்தில் குட்டை வெட்டினாள். அது சரியாக அமைந்தால் இனிமேல் கரும்புக்குப் போகவேண்டாம் என்று ஒரே பிடியாக இருந்தாள்.

இரண்டாம் முறை குஞ்சு விட்டபோது பூமாலை இன்னும் ஒரு படி மேலே போனார். மீன்தூளை அடியோடு நிறுத்திவிட்டார். அதை ஈடுகட்ட, எண்ணெய் பிழிந்த புண்ணாக்குக்குப் பதில் முழுச் சோயாப் பயறே போட்டால் சத்து ஜாஸ்தியாக இருக்குமே என்று கணக்குப் போட்டு, கள்ளக்குறிச்சி மண்டியில் பயறு வாங்கி அப்படியே அரைத்தார். திப்பியையும் கூட்டினார். உருண்டையும் அழகாக வந்தது, கையில் எடுத்தால் உதிரவில்லை. இரண்டு குட்டைக்கும் அதுதான் போயிற்று.

கொஞ்சநாள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு காலையில், தண்ணீருக்குள் கயிறு கட்டி இறக்கியிருந்த தீவனத் தட்டைத் தூக்கிப் பார்த்தால் பாதி அப்படியே இருந்தது. மேகமூட்டம் என்று நினைத்தார். மறுநாள் வெயில் அடித்தது. தட்டு அப்போதும் காலியாகவில்லை. கரையோரம் சில ரோகு ஒதுங்கி நின்றன. ஆள் நிழல் பட்டால் பாய்ந்து ஓடுகிற மீன், கிட்டே போனாலும் நகரவில்லை. வயிறு உப்பியிருந்தது. பின்னால் வெள்ளையாக நூல்போல ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த நாள் சில மிதந்தன.

மிதந்ததில் ஒன்றை எடுத்து, கொட்டகையில் வைத்து அறுத்துப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் மீனோடு பழகியவர் அவர். குடல் எப்படி இருக்கவேண்டும் என்று கைக்குத் தெரியும். இது நனைந்த காகிதம்போல விரலில் ஒட்டிக்கொண்டு பிய்ந்தது. உள்ளே மஞ்சளாகத் தண்ணீர். அங்கங்கே சிவந்து கன்றிப்போயிருந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தம் வயிற்றைத் தடவிக்கொண்டார். அந்த வலி எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

உடனே சின்னப்பொண்ணுவின் குட்டைக்கு ஓடினார். அவள் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்மா, தட்டுல மிச்சம் இருக்குதா?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ரெண்டு மூணு நாளாவே இருக்குதுண்ணே."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ அம்மாம் கஷ்டப்பட்டு செஞ்சு குடுக்கற. அதப் போயி நொட்டை சொல்றதா? தண்ணிதான் சரியில்லயோ, இன்னாவோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

பூமாலை அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "தண்ணி இல்லம்மா. நான் போட்டதுதான். என் தீவனந்தான்" என்றார். சின்னப்பொண்ணு அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள், "சரி, இப்ப இன்னா பண்றது? அதச் சொல்லு" என்றாள். திட்டியிருந்தாலே தேவலை என்று அவருக்கு இருந்தது.

மீன் வளர்க்கிறவர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தபோது தனுஷா என்ற பெண்ணின் செல் நம்பரை வாங்கி வைத்திருந்தார். மீன்வளம் படித்துவிட்டு, குட்டை குட்டையாகப் போய் நோய் பார்த்து யோசனை சொல்கிற வேலையில் இருந்தவள். போன் போட்டதும், "இருக்கிற தீவனத்தை இப்பவே நிறுத்துங்கண்ணா, நான் வரேன்" என்றாள். சொன்னபடியே மதியத்துக்குள் கள்ளக்குறிச்சியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். முதலில் தண்ணீரைச் சோதித்தாள். அதில் குறை இல்லை. பிறகு இரண்டு குட்டையிலும் ஒவ்வொரு மீன் பிடிக்கச் சொல்லி, கொட்டகைப் பலகையில் வைத்துக் குடலைத் தனியாகப் பிரித்தாள். பொறுமையாக, கிழிந்துவிடாமல். ஒரு துண்டை நறுக்கிக் கண்ணாடியில் வைத்து, சின்ன மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "பாருங்கண்ணா" என்று நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"இன்னா தெரியுது, எனக்கு ஒண்ணும் புரியலயே மேடம்."

"நல்ல குடல்னா உள்பக்கம் புதுத் தேங்காப்பூத் துண்டு மாதிரி இருக்கும். நூல் நூலா, மடிப்பு மடிப்பா. அதுதான் சத்தை உறிஞ்சும். இதுல பாருங்க, துவைச்சுத் துவைச்சு நூல் போன துண்டு மாதிரி இருக்கு. தின்னாலும் உள்ளே போகாது." பிறகு தீவன உருண்டை ஒன்றை உடைத்து முகர்ந்து பார்த்தாள். "சோயா என்ன பண்ணிப் போட்டீங்க? வறுத்தீங்களா, வேக வெச்சீங்களா?"

"அப்படியேதான் அரைச்சேன். பயறுதானே?"

"அதாண்ணா. பச்சைச் சோயாவுல செரிமானத்தையே தடுக்கிற பொருள் இருக்கு. சூடு பட்டாத்தான் அது அழியும். புண்ணாக்கு பண்ணும்போது சூடு பட்டுடும், அதனாலதான் போன தடவை ஒண்ணும் ஆகல. இதுல திப்பியும் ஜாஸ்தி, வெறும் நாரு. பாவம், குடல் என்ன பண்ணும்?"

"குடலு கெட்டாலும் வயிறு கொஞ்சம் தாங்காதுங்களா?" என்று பூமாலை கேட்டார்.

தனுஷா சிரித்துவிட்டாள். "ரோகு, கட்லாவுக்கெல்லாம் வயிறே கெடையாதுண்ணா. இரைப்பைன்னு தனியா ஒண்ணும் இல்ல. வாயிலேர்ந்து நேரா குடல்தான். எல்லா வேலையும் அதுதான் செய்யணும்."

பூமாலை அறுத்து வைத்திருந்த மீனையே பார்த்தார். அவர் ஏற்றி இறக்கிய மீனுக்கு அளவில்லை. ஒருநாளும் இதைக் கவனித்ததில்லை. "வயிறே இல்லாத ஜீவனுக்குப் போயி வயித்து நோவு குடுத்துட்டேனே" என்றார். கொட்டகை வாசலில் நின்ற ராணியம்மாளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"பொழைக்குங்களா?" என்று கேட்டது சின்னப்பொண்ணு.

தனுஷா கண்ணாடியைத் துடைத்து வைத்தாள். "செத்தது போக மிச்சம் பொழைக்கும்னுதான் நெனைக்கிறேன்க்கா. உறுதியா சொல்ல முடியாது. இந்தக் கெண்டை இனத்துக்குக் குடல் திரும்ப வளர்ற சக்தி உண்டு, ஆனா நாம தொந்தரவு பண்ணாம இருக்கணும். கொஞ்சநாள் ஒண்ணும் போடாதீங்க. ஒரு பிடிகூடப் போடாதீங்க. தண்ணிய மட்டும் மாத்திவிட்டுக்கிட்டே இருங்க. அப்புறம் நான் சொல்லும்போது கொஞ்சங்கொஞ்சமா ஆரம்பிக்கலாம்."

அவள் போனதும் ராணியம்மாள் சொன்னாள்: "உங்களுக்குப் பண்ண வைத்தியந்தான் இதுவும். கொடலுக்கு ரெஸ்ட்டு குடுக்கறது. நீங்க பொழைக்கல?"

பட்டினி தொடங்கியது. தினமும் காலையில் மோட்டாரைப் போட்டுப் புதுத் தண்ணீர் விட்டார்கள். முதல் சில நாள் இன்னும் ஒன்றிரண்டு மிதந்தன. பூமாலை அவற்றைக் குழி தோண்டிப் புதைத்தார். அப்புறம் மிதப்பது நின்றது. கரையோரம் மந்தமாக நின்ற மீன்கள் நடுக் குட்டைக்குப் போயின. அடுத்து வந்ததுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் கரையில் நடந்தால் தண்ணீருக்குள் ஒரு கறுப்புக் கூட்டம் கூடவே வர ஆரம்பித்தது. பழைய பழக்கத்தில் தீவனத் தகரடப்பா எங்கேயாவது இடித்துச் சத்தம் கேட்டால் போதும், திமுதிமுவென்று வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பசி வந்துட்டுதுங்க மேடம், ஒரு புடி போடட்டுமா?" என்று போனில் கெஞ்சினார்.

"பசி வந்தது ரொம்ப நல்ல சேதிண்ணா. ஆனா இன்னும் வேணாம். அதுக்குள்ள புதுத் தீனிக்கு நல்ல தவிடா பாத்து வாங்கி வைங்க. மழையில நனைஞ்சு பூஞ்சை புடிச்சதா இருக்கக் கூடாது."

ராணியம்மாள் கணவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். சட்டைப்பையில் கடலைப் புண்ணாக்குத் துண்டு ஒன்றை அவள் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தாள். "நீங்க இங்க இருந்தீங்கன்னா போட்டுடுவீங்க. எனக்குத் தெரியும். மலைக்குப் போயி கரியன் அண்ணன் வூட்ல ரெண்டு நாளு இருந்துட்டு, தவிட்ட வாங்கினு வாங்க. குட்டைய நான் பாத்துக்கறேன்."

கரியன் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் சாமையும் மரவள்ளியும் பயிர் செய்கிறவர். ஒரு பருவத்தில் அவருடைய கிழங்கு லோடை லாரியில் மலையிலிருந்து இறக்கிப்போன பழக்கம், அப்படியே சிநேகமாகிவிட்டது. பூமாலை பஸ் ஏறினார். வளைவு வளைவாக ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. ஆனாலும் மனசு முழுக்கக் கீழே குட்டையில்தான் கிடந்தது.

கரியனும் மனைவி சாமியம்மாளும் அப்போதுதான் சாமை குத்தி முடித்திருந்தார்கள். களம் முழுக்கப் புதுத் தவிட்டு வாசனை. பூமாலை கையில் அள்ளி, ஊதி, நாக்கில் வைத்துப் பார்த்தார். இனித்தது.

"மீனுக்கா கேக்கறீங்க? எடுத்துக்கினு போங்க டிரைவரே, மாடு தின்னது போக கெடக்குது" என்றார் கரியன். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "ஏன், ஒரேயடியா அம்புட்டையும் மாத்துனீங்க? நாங்க மாட்டுக்குப் புதுத் தீனி வெச்சாலும் பழசோட கலந்துதான் வெப்போம்" என்றார்.

"அவசரம் கரியா. லாரி ஓட்டின புத்தி. எல்லாத்துலயும் வெரசாப் போயிச் சேரணும்."

சாமியம்மாள் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் வைத்தாள். பூமாலைக்காகத் தனியாகக் காரம் குறைத்திருந்தாள். நெடுநாளைக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டார்.

மறுநாள் வரப்பில் நடந்துகொண்டிருந்தபோது செல் அடித்தது. மலையில் சிக்னல் ஒரு பாறைமேல் ஏறினால்தான் நிற்கும். மூச்சு வாங்க ஏறி எடுத்தார். சின்னப்பொண்ணு.

"அண்ணே! அண்ணே, கேக்குதா? இங்க வந்து பாரேன். கரையில அம்மாங்கூட்டம் நிக்குதுண்ணே. ஆ ஆன்னு வாயத் தொறந்துக்கினு நிக்குதுங்க. ஒண்ணு எகிறி என் பொடவையில தண்ணி அடிச்சுட்டுது!"

"போட்டுடாதம்மா. எதுவும் போட்டுடாத!"

"போடல, போடல. பாத்துக்கினுதான் நிக்கறேன்." அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. "அந்த வெள்ள நூலு ஒண்ணுத்துக்குமே இல்லண்ணே. நல்லாப் பாத்துட்டேன்."

செல்லை வைத்துவிட்டு பூமாலை அந்தப் பாறைமேலேயே உட்கார்ந்துவிட்டார். கீழே மலைச்சரிவில் இன்னும் அறுக்காத சாமைப் பயிர் காற்றில் அலை அலையாகச் சாய்ந்துகொண்டிருந்தது. திருநாவலூர் ரோட்டோரத்தில் படுத்ததற்குப் பிறகு, இவ்வளவு நிம்மதியாக ஒரு மூச்சு விட்டதில்லை என்று அவர் பிற்பாடு ராணியம்மாளிடம் சொன்னார்.

தவிட்டு மூட்டையோடு இறங்கி வந்ததும் தனுஷா வந்து புதுக் கலவைக்கு வழி சொன்னாள். சோயாவை வறுத்து, பொடித்து, தவிட்டோடு ஈரமாகப் பிசைந்து இட்லி மாவுபோல ஒருநாள் புளிக்கவிட வேண்டும். புளித்த தீனி குடலுக்கு இதம். திப்பி பெயருக்குக் கொஞ்சம். மீன்தூளை முழுசாக விட்டுவிடாமல் சிறிதளவு. அதையும் போகப்போகக் குறைப்பதற்கு, காய்கறிக் கழிவில் வளர்க்கிற ஒருவகைக் கறுப்பு ஈயின் புழுவைக் காயவைத்துச் சேர்க்கலாம் என்றாள். "புழுவா? வூட்டுக்குள்ள அதுமட்டும் வரக்கூடாது" என்று ராணியம்மாள் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

முதல் தீனி போட்ட காலையில் நாலு பேரும் கரையில் நின்றார்கள். பூமாலை ஒரே ஒரு பிடியைத் தட்டில் வைத்து மெதுவாக இறக்கினார். தண்ணீர் கலங்கியது. கொஞ்சநேரம் கழித்துக் கயிற்றை இழுத்தார். தட்டு நக்கியதுபோல இருந்தது. சின்னப்பொண்ணு தட்டை வாங்கி, பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

அறுவடை போன தடவையைவிடத் தாமதமாகத்தான் வந்தது. மீனும் கொஞ்சம் சின்னதுதான். ஆனால் வலையை இழுத்தபோது கனத்தது. சின்னப்பொண்ணு குட்டையில் முதலில் பிடித்த ரோகை தனுஷா அங்கேயே அறுத்தாள். குடல் சுருள் சுருளாக, பளபளவென்று, விரலால் அழுத்தினால் எதிர்த்து நின்றது. "புதுத் துண்டு" என்றாள். அந்த மீனைக் குழம்பு வைத்து, சின்னப்பொண்ணுவின் புருஷனுக்கு முதல் துண்டைப் போட்டார்கள். அந்த வருடம் கரும்பு வெட்டு மேஸ்திரி ராஜாங்கம் ஆள் சேர்க்க வந்தபோது, அவள் அவருக்கும் ஒரு மீனைக் கொடுத்து அனுப்பிவைத்தாள். கூடப் போகவில்லை.

பூமாலை இப்போது எதையும் ஒரேயடியாக மாற்றுவதில்லை. புதுச் சாமான் எது வந்தாலும் ஒரு ஓரத்தில் வலை கட்டி, கொஞ்சம் மீனுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றதற்குப் போடுகிறார். கொட்டகைக்குப் பின்னால், ராணியம்மாள் கண்ணில் படாத தூரத்தில், புழு வளர்க்கிற டிரம்கள் இரண்டு இருக்கின்றன. கள்ளக்குறிச்சிக் காய்கறி மார்க்கெட்டிலிருந்து அழுகல் வருகிறது. போனவாரம் பூமாலை பார்த்தபோது ஒரு டிரம்மின் மூடியை ராணியம்மாளே கல் வைத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். கோழி கிளறிவிடுமாம்.